சர்பென்டைன் பெல்ட்: பாம்பா, வரியா?

காரைக்குடியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர், ஸ்டியரிங் பம்ப் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகச் சுற்றி இயக்குகிற நீள பெல்ட்டுக்கு, அதாவது கார் எஞ்சினின் 'சர்பென்டைன் (பாம்புபோல் நெளியும்) பெல்ட்'டுக்கு, ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். அதை வீட்டிலேயே மாற்றுவதற்கான செய்முறைக் குறிப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது, பெயர்தான் பாக்கி.

பட்டறையில் இதை 'பேன் பெல்ட்' என்கிறார்கள். இன்றைய கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் பேன் தனி மோட்டாரில் ஓடுகிறது, இந்த பெல்ட் அதைத் தொடுவதே இல்லை. வெறுமனே 'பெல்ட்' என்றாலோ, வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூடச் செய்யும் டைமிங் பெல்ட்டோடு குழம்பும். இரண்டும் ஒன்றல்ல. டைமிங் பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்துவிடும். இது அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், ஸ்டியரிங் கனக்கும், தண்ணீர் பம்ப்பும் இதிலேயே ஓடுகிற எஞ்சினானால் சூடு ஏறும். அப்போதே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும்.

'பாம்புப் பட்டை', 'அரவப் பட்டை', 'நெளிவார்' என்று மூன்று தோன்றின. எது சரி?

தேவகோட்டையிலிருந்து:

'பட்டை' வேண்டாம் அண்ணே. நம் பக்கத்துக் கடையில் பட்டை என்றால் சோம்பு, கல்பாசியோடு சேர்த்துக் கட்டித் தருவார்கள். மரப்பட்டை, திருநீற்றுப் பட்டை என்று ஏற்கெனவே அதன் தலையில் பாரம் அதிகம். தோலில் செய்தாலும் ரப்பரில் செய்தாலும் இழுத்துப் பிடிக்கிற நீளப் பொருளுக்கு 'வார்' இருக்கிறது. செருப்பு வார் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் 'நெளிவார்' எழுத்தில் நிற்காது. 'அவர் நெளிவார்' என்று வினைமுற்றாகத்தான் கண் படிக்கும். சுற்றுவார், ஓடுவார், இழுவார் எல்லாவற்றுக்கும் இதே கதி. வாருக்கு முன்னால் பெயர்ச்சொல் வந்தால்தான் பிழைக்கும். மாவு மில்லில் ஓடும் வி-பெல்ட்டின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவம், ஆகவே ஆப்புவார். டைமிங் பெல்ட்டுக்குப் பல் உண்டு, பல்வார். இதற்கும் அப்படி ஒன்று பிடிக்க வேண்டும்.

பள்ளத்தூரிலிருந்து:

பாம்பை விட்டுவிடலாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நெளிவது பெல்ட் அல்ல, அது போகிற வழி. கழற்றித் தரையில் போட்டால் வெறும் வளையம்தான். கையில் எடுப்பவர் பார்ப்பது உட்பக்கம் நீளவாக்கில் ஓடும் வரிகளை. உறையிலும் அதைத்தான் அச்சடிக்கிறார்கள். 6பிகே1750 என்றால் 6 வரி, பிகே வகை, நீளம் 1750 மி.மீ. பிகே வகையில் ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 3.56 மி.மீ., ஆக 6 வரி ஏறக்குறைய 21 மி.மீ. அகலம். எனவே 'வரிவார்' என்பது என் கருத்து. அது போகும் பாதைக்கு 'நெளிவழி'. கப்பியில் வரி உட்காரும் பள்ளத்துக்குத் தச்சர்கள் சொல்லும் 'காடி' போதும்.

சொல் தாங்குமா என்று பார்க்க, அண்ணன் குறிப்பையே இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன்:

"எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவும். பானெட்டின் அடியில் நெளிவழி வரைபடம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைபேசியில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளவும். மேலிருந்து கை போகாத வண்டியில் முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தால் வழி கிடைக்கும். செம்மண் முற்றத்தில் ஜாக்கி புதையும். அடியில் கனமான பலகை போட்டு, தூக்கியபின் ஸ்டாண்டும் கொடுக்கவும்.

"இறுக்குக் கப்பியின் கைதான் வரிவாரை விறைப்பாக வைத்திருக்கிறது. அதன் போல்ட்டிலோ சதுரத் துளையிலோ நீளக் கைப்பிடி போட்டு, வரிவார் தளரும் பக்கம் திருப்பவும். வழவழப்பான கப்பி ஒன்றிலிருந்து வாரை நழுவவிட்டு, இறுக்குக் கப்பியின் கையை மெல்லத் திரும்ப விடவும். சட்டென்று விட்டால் உள்ளிருக்கும் சுருள்வில் அடித்து விரல் நசுங்கும்.

"வார் இல்லாதபோது ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றிப் பார்க்கவும். கரகரத்தால் பேரிங் போய்விட்டது. காடியில் சிக்கிய சிறு கல், காய்ந்த செம்மண்ணை பிரஷ்ஷால் தள்ளவும். எண்ணெயோ கூலண்ட்டோ பட்டிருந்தால் கசிவை அடைக்காமல் புது வாரைப் போட வேண்டாம், ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

"புதியதைப் பழையதோடு வைத்து வரி எண்ணிக்கையையும் நீளத்தையும் ஒப்பிடவும். வரியுள்ள பக்கம் காடியுள்ள கப்பியில், முதுகு வழவழப்பான கப்பியில். எஞ்சின் நேரடியாகச் சுழற்றும் கிராங்க் கப்பியில் தொடங்கி, கைக்கு எட்டும் வழவழப்பான கப்பியில் முடிக்கவும்."

இதில் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று: ஒரு வரி தள்ளி உட்காருவது. ஆறு காடியில் ஐந்தில் மட்டும் பதிந்து ஒரு வரி விளிம்புக்கு வெளியே தொங்கும். மேலிருந்து பார்த்தால் சரியாகவே தெரியும். எஞ்சின் ஓடியதும் அந்த வரி நார் நாராகக் கிழிந்து கப்பியில் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு கப்பியிலும் இரு விளிம்பையும் விரலால் தடவித்தான் உறுதி செய்ய வேண்டும். பெயரிலேயே வரி இருந்தால் வாசகர் கண் தானாக அங்கே போகும்.

தேவகோட்டையிலிருந்து:

வரிவார் நன்றாக இருக்கிறது. ஒரு தடை மட்டும். பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டு வார், ஆல்டர்னேட்டருக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று. அவையும் வரியுள்ளவைதான், ஆனால் சர்பென்டைன் அல்ல. இறுக்குக் கப்பியும் தானாக இயங்காது, போல்ட்டைத் தளர்த்திக் கையால் இறுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் அந்த வண்டிக்காரர் இல்லாத சுருள்வில்லைத் தேடிக்கொண்டிருப்பார்.

பள்ளத்தூரிலிருந்து:

சரியான தடை. அப்படியானால் வரிவார் என்பது இனப்பெயர். எல்லாவற்றையும் ஒன்றாகச் சுற்றுவது 'நெளி வரிவார்'. நெளி மோதிரம் என்கிறோமே, அந்த நெளி. முதல்முறை முழுப்பெயர், பிறகு வரிவார் போதும். இறுக்குக் கப்பியே இல்லாமல் தன் இழுவையில் நிற்கும் வகைக்கு 'மீள் வரிவார்'. அதில் பழையதை வெட்டித்தான் எடுக்க வேண்டும், புதியதை ஏற்றத் தனிக் கருவி தேவை, ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் உள் நார் அறுந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து:

ஏற்றுக்கொண்டேன். பாம்பு போனதில் எனக்கும் வருத்தமில்லை. தேய்மானப் பகுதியைத் திருத்துகிறேன். 'வெடிப்பு வந்தால் மாற்றவும்' என்று எழுதியிருந்தேன். அது பழைய நியோப்ரீன் ரப்பர் வாருக்குத்தான் பொருந்தும். இப்போது வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் வெடிக்காமல் டயர் போலத் தேயும். பளபளப்பாக இருக்கும், ஆனால் வரி தேய்ந்து காடியின் அடிவரை இறங்கிச் சறுக்கும். தேய்மான அளவியை வரிகளுக்கிடையே வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

சத்தம் பற்றியும் சேர்த்தேன். எஞ்சின் ஓடும்போது வரியுள்ள பக்கத்தில் விலகி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். கீச்சு நின்று சற்று நேரத்தில் திரும்பினால் ஏதோ ஒரு கப்பி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் கூடினால் இறுக்கம் போதவில்லை, இறுக்குக் கப்பியைப் பார்க்க வேண்டும். சத்தத்தை அடக்க ஸ்பிரே அடிக்கவே கூடாது. பிசுக்கில் நம் ஊர்ப் புழுதி ஒட்டி வரியை அரம்போல் ராவிவிடும்.

குறிப்பின் முதல் வரி இப்போது இப்படி: "கடையில் 'பேன் பெல்ட்' என்றே கேளுங்கள், ஆனால் பழைய நெளி வரிவாரின் முதுகில் உள்ள எண்ணைக் காட்டி வாங்குங்கள்."