உருவாக்கப்படும் ஹெடர் கோப்பில் பதிவுகளின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறுகிறது, நிலையாக்குவது எப்படி?

கேள்வி

வணக்கம். பிழைக் குறியீடுகளை விவரிக்கும் ஜேசன் கோப்புகள் பலவற்றைப் படித்து, அவற்றிலிருந்து சி மொழிக்கான ஹெடர் கோப்பு ஒன்றை எழுதித் தரும் பைத்தான் ஸ்கிரிப்டைப் பராமரித்து வருகிறேன். அதில் ஒரு எனமும் (பெயர்களுக்கு எண்களைத் தரும் பட்டியல்), ஒவ்வொரு பிழைக்கும் உரிய செய்தியைக் கொண்ட அட்டவணையும் உள்ளன. ஒரே ஒரு குறியீட்டைப் புதிதாகச் சேர்த்தாலும், பதிப்புகளைக் காக்கும் கிட் கருவி காட்டும் டிஃப்பில் (மாற்றங்களின் பட்டியலில்) நூற்றுக்கணக்கான வரிகள் இடம் மாறியிருப்பதால், உண்மையில் எது மாறியது என்பதைச் சரிபார்ப்பவரால் கண்டுகொள்ள முடிவதில்லை.

உருவான கோப்பை ஷெல்லின் சார்ட் கட்டளைக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருந்த குறிப்புரை அந்தப் பதிவைவிட்டுப் பிரிந்து எங்கோ போய்விட்டது. மேலும், சக பணியாளரின் கணினியில் அதே கட்டளை வேறொரு வரிசையைத் தந்தது. இதற்கு முறையான வழி என்ன?

மறுமொழி 1

உருவாகி முடிந்த உரையை வரிசைப்படுத்த முயல்வதுதான் சிக்கலின் தொடக்கம். சார்ட் கட்டளைக்கு வரிகள் மட்டுமே தெரியும். மூன்று வரிகள் சேர்ந்து ஒரு பதிவு என்பது அதற்குத் தெரியாது. கணினிக்குக் கணினி முடிவு மாறியதற்குக் காரணம், அது லொக்கேல் எனும் மொழி, வட்டார அமைப்பைப் பார்த்து எழுத்துகளை ஒப்பிடுவதே: சில அமைப்புகளில் அடிக்கோடும் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடும் முதல் ஒப்பீட்டில் கணக்கிலேயே வராது. ஆகவே, பதிவுகள் இன்னும் தரவாக இருக்கும்போதே, எழுதும் கட்டத்துக்குச் சற்று முன்னர் வரிசைப்படுத்துங்கள்.

பெயர்களை எங்காவது ஒரு செட்டில் (வரிசை இல்லாத தொகுப்பில்) சேகரிக்கிறீர்களா என்று பாருங்கள். பைத்தான் 3.3 முதல், சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹாஷ் மதிப்பு, அதாவது அவற்றை உள்ளே தேடி எடுக்க உதவும் எண், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய தற்செயல் விதையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், செட்டைச் சுற்றிவரும் வரிசையும் மாறும். டிக்‌ஷனரி எனும் பெயர்-மதிப்புத் தொகுப்போ 3.7 முதல் சேர்த்த வரிசையைக் காக்கும் என்பது மொழியின் உறுதிமொழி. ஆனால் கோப்புறையிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடும் லிஸ்ட்டிர் எந்த வரிசையையும் உறுதியளிப்பதில்லை என்பதால், அங்கேயே வரிசை குலைந்திருந்தால் டிக்‌ஷனரி அந்தக் குலைவைத்தான் காக்கும். விதையை ஒரே எண்ணாக நிலைநிறுத்தும் சூழல் மாறியும் உண்டு. அது நோயை மறைக்குமே தவிர நீக்காது என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி 2

வரிசைப்படுத்துவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் எனத்தில் எண்கள் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளனவா? எழுதப்படாவிட்டால் சி மொழி பூச்சியத்திலிருந்து வரிசையாக எண் கொடுக்கும். இடம் மாறினால் எண்ணும் மாறும். பழைய பதிவேடுகளில் 17 என்று சேமிக்கப்பட்ட பிழை, நாளை வேறொரு பிழையாகப் படிக்கப்படும். கம்பைலர் இதற்கு எந்த எச்சரிக்கையும் தராது. எண்ணை ஜேசன் கோப்பிலேயே எழுதிவைத்து, அதை ஒருபோதும் மாற்றாமல் காப்பதே பாதுகாப்பு.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செட் இருந்தது உண்மைதான். எண்களும் எழுதப்பட்டிருக்கவில்லை, வெளியான கடைசிப் பதிப்பிலிருந்த எண்களையே எடுத்து ஜேசன் கோப்புகளில் சேர்த்துவிட்டேன். ஒரே தொகுதியின் பிழைகள் அருகருகே இருக்க வேண்டும் என்பதற்காகத் தொகுதிப் பெயரைக் கொண்டு வரிசைப்படுத்தினேன். தொகுதிகள் இப்போது நிலையாக நிற்கின்றன; ஆனால் ஒரு தொகுதிக்குள் பதிவுகள் இன்னும் இடம் மாறுகின்றன. பத்தாம் தொகுதி இரண்டாம் தொகுதிக்கு முன்னால் வருவதும் உறுத்துகிறது.

மறுமொழி 1

பைத்தானின் சார்ட்டெட், ஒப்பீட்டில் சமமான பதிவுகளை அவை வந்த வரிசையிலேயே விட்டுவைக்கும். வந்த வரிசையே செட்டிலிருந்து வந்தது என்பதால் குலைவு அப்படியே கடந்து வருகிறது. எந்த இரண்டு பதிவுகளும் சமமாகாதபடி, தொகுதியையும் பிழையின் பெயரையும் சேர்த்து ஒரு டியூப்பிளாக (வரிசையாக ஒப்பிடப்படும் மதிப்புகளின் தொடராக) கொடுங்கள். தொகுதிப் பெயரின் இறுதியிலுள்ள எண்ணைப் பிரித்து முழு எண்ணாக மாற்றி, தனி உறுப்பாக வையுங்கள். எண் இல்லாத பெயர்களுக்கு அங்கே பூச்சியம் இடுங்கள், இல்லையென்றால் சரத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாமல் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

பிழையின் எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தலாமே என்று தோன்றக்கூடும். அப்படிச் செய்தால் புதிய பதிவுகள் எல்லாம் கடைசியிலேயே சேரும். இரண்டு கிளைகளில் இருவர் சேர்க்கும்போது ஒவ்வொரு முறையும் இணைப்பில் மோதல் வரும். பெயர் வரிசையில் அவை வெவ்வேறு இடங்களில் விழ வாய்ப்பு அதிகம்.

கேட்டவர்

தீர்ந்தது. ஹாஷ் விதைக்கு 0, 1, 2 என மூன்று மதிப்புகள் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். மூன்று வெளியீடுகளும் பைட் பிசகாமல் ஒன்றாக இருந்தன. இந்தச் சோதனையையே தானியங்கிச் சரிபார்ப்பிலும் சேர்த்துவிட்டேன். வரிசை மாற்றத்தை மட்டும் தனி கமிட்டாக (கிட்டில் பதிவுசெய்த ஒரு மாற்றமாக) இட்டிருக்கிறேன்.

மறுமொழி 2

அந்தக் கமிட்டின் அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கிட் பிளேம் அதைப் புறக்கணிக்கும்படி அமைத்துவிடுங்கள், கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. அப்போது ஒவ்வொரு வரியையும் அதற்கு முன் கடைசியாக மாற்றியவரின் பெயர் பெரும்பாலும் பழையபடியே தெரியும்.