ஈ-ரேயா, இசட்06-ஆ? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எனக்கு வேலை மிச்சிகனில். தம்பி கல்யாணத்துக்காக இப்போது கானாடுகாத்தானில் இருக்கிறேன். திரும்பியதும் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும், எட்டு வருடச் சேமிப்பு. அதில் ஈ-ரே, இசட்06 என்ற இரண்டு மாடல்களில் எது என்றுதான் குழப்பம்.

மனசு இசட்06 பக்கம். 5.5 லிட்டர் வி8 இன்ஜின், 670 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,600 சுற்று வரை ஏறும். நேற்று அந்தச் சத்தத்தைப் போனில் போட்டேன். வீட்டு வளவில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அப்பத்தா கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு அலறல்!

ஆனால் மிச்சிகனில் பனி நாலு மாதம். ஈ-ரேயில் பின்சக்கரங்களுக்கு 6.2 லிட்டர் வி8, முன்சக்கரங்களுக்கு மின்மோட்டார், மொத்தம் 655 குதிரைத்திறன். சார்ஜ் போடவே வேண்டாம், ஓட்டத்திலும் பிரேக்கிலும் பேட்டரி தானே நிரம்பும். விடிகாலையில் இன்ஜினை எழுப்பாமல் தெருவைத் தாண்டலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எடைதான் இசட்06-ஐ விடச் சுமார் 150 கிலோ கூடுதல்.

ரேஸ் டிராக்குக்கு வருடத்தில் மூன்று நாள் போவேன். அந்த எடை வளைவில் கையில் தெரிகிறதா? பனி டயர் போட்டு ஈ-ரேயை ஓட்டியவர்கள் உண்டா? இசட்06 வைத்திருக்கும் அண்ணன்மார்கள் குளிர்காலம் முழுக்க வண்டியை மூடித்தான் வைக்கிறீர்களா? அடுத்த வாரம் முன்பணம் கட்ட வேண்டும், தயவுசெய்து சொல்லுங்கள்.