அம்மா வீட்டுக் கூரை

(தங்கச்சிமடம் குடும்பக் குழு, மே மாதம்)

ஸ்டெல்லா, காலை 6:12: [படம்] ராத்திரி அம்மா கட்டிலுக்கு நேர் மேலே காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. கொசுவலை தாங்கிக்கொண்டது. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை.

பெரியண்ணன்: மாதாவே. அம்மா எங்கே?

ஸ்டெல்லா: என் வீட்டில். காபி குடிக்கிறார்கள்.

சூசை: போட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் அக்கா. வரட்டுமா?

சித்தப்பா: அண்ணன் கட்டும்போதே கடல் மணல் வேண்டாம் என்று சொன்னேன்.

அண்ணி: அது முடிந்த கதை சித்தப்பா.

ஸ்டெல்லா: விரிசல் விட்டதிலிருந்து மூன்று பேரை விசாரித்து வைத்திருக்கிறேன். முதல் மேஸ்திரி, மேலே பூசினால் போதும், 60 ஆயிரம் என்றார். அவர் வேண்டாம். கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் காங்கிரீட்டைப் பிளக்கும். துருவைச் சுரண்டாமல் பூசினால் மறுபடி விழும். படத்தில் பாருங்கள், கம்பி ஏடு ஏடாக உரிகிறது. ராமநாதபுரத்து ஆள் 4,20,000, பாதி அட்வான்ஸ் கேட்டார். செய்த வேலையைக் காட்டச் சொன்னால் போனில் படம் காட்டினார். பாம்பன் மேஸ்திரி, 3 வருடத்துக்கு முன் செய்த வீட்டுக்கே கூட்டிப்போனார். அந்த வீட்டம்மாவிடம் தனியாகக் கேட்டேன். ஸ்டூல் போட்டு ஏறிச் சாவியால் கூரை முழுக்கத் தட்டினேன், உள்ளே காலியாக இருந்தால் கேட்கும் பொள்ளல் சத்தம் எங்கேயும் இல்லை. 3,60,000.

சூசை: ஸ்டூல் மேல் அக்கா. அப்பா மாதிரியே.

பெரியண்ணன்: பணம் எப்படி?

ஸ்டெல்லா: தொடங்கும் அன்று 40 ஆயிரம். பழைய காரையை உடைத்துத் துருவைச் சுரண்டியதும், நான் பார்த்த பிறகு 1 லட்சம். பார்க்காமல் மூடக் கூடாது. பூச்சு முடிந்து 10 நாள் தண்ணீர் விட்டதும் 1,20,000. மொட்டை மாடியில் தண்ணீர் கட்டி ஒழுகவில்லை என்றால் 60 ஆயிரம். மீதி 40 ஆயிரம் ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டித் தையில். கலவைக்கு நம் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்பு கம்பியைத் தின்றுவிடும். லாரியில் நல்ல தண்ணீர் வாங்க வேண்டும், அது நம் செலவு.

சித்தப்பா: தை வரை எந்த மேஸ்திரி காத்திருப்பான்?

ஸ்டெல்லா: 25 ஆயிரம்தான் தை வரை நிறுத்தி வைக்கலாம் என்கிறார். பேசுகிறேன்.

அண்ணி: 2019இல் பாத்ரூமுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு நின்றோமே.

சூசை: நான் கூட்டிவந்த ஆள் என்று நேராகவே சொல்லுங்கள் அண்ணி.

அண்ணி: அப்படிச் சொல்லவில்லை தம்பி.

பெரியண்ணன்: விடுங்கள். நான் 2 லட்சம் போடுகிறேன். மீதி?

சூசை: ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போனால்தான் என் பங்கு.

ரீகன்: சந்தியாகப்பர் திருவிழாவுக்கு வந்தால் எங்கே தங்குவது அத்தை?

சித்தப்பா: என் வீட்டில். பாய் மட்டும் கொண்டுவாங்க.

அண்ணி: போன தடவை ஒரே ஃபேன், பதினோரு பேர்.

ஸ்டெல்லா: ஃபேனை அப்புறம் பேசலாம். அம்மா கேட்கிறார்கள், அப்பா படத்தை எடுத்தாயா சூசை?

சூசை: இப்போதுதான் எடுத்தேன். ஆணியும் கையோடு வந்துவிட்டது.

பெரியண்ணன்: மேஸ்திரியிடம் எழுதி வாங்கு ஸ்டெல்லா.

ஸ்டெல்லா: ஞாயிறு பூசை முடிந்து வரச் சொல்லியிருக்கிறேன் அண்ணா. எல்லாத் தவணையும் எழுதிக் கையெழுத்து. சூசை, நீயும் இரு.

சூசை: பார்க்கிறேன் அக்கா.