பழைய வார இதழ் அட்டைகளைச் சட்டமிடுவது எப்படி?

கேள்வி: மணியமும் கோபுலுவும் வரைந்த, 1950களின் கல்கி, ஆனந்த விகடன் அட்டைகள் சில என்னிடம் உள்ளன. ஓரம் பழுத்துவிட்ட இவற்றை வரவேற்பறைச் சுவரில் மாட்டினால் நிறம் வெளுக்குமா?

மறுமொழி 1: வெளுக்கும்; தாளும் கெடும். மலிவான மரக்கூழ்த் தாளிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள், ஒளியும் காற்றும் பட்டுத் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்வதால், வெயில் படாத சுவரைத் தேர்ந்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும், படத்தின் பின்னால் வைக்க அமிலமற்ற காகித அட்டையும் கொண்டு சட்டமிடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது; ஈரம் கோத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

மறுமொழி 2: செலோடேப்பும் லேமினேஷனும் அறவே வேண்டாம்.

மறுமொழி 3: தைத்த இதழிலிருந்து அட்டையைப் பிரித்தெடுப்பதே எனக்கு உடன்பாடில்லை. தொடர்கதையும் (அதைவிடச் சுவையான) விளம்பரங்களும் உள்ள முழு இதழை பாலியஸ்டர் பிளாஸ்டிக் உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிட்டு, அட்டையை ஸ்கேன் செய்து அச்சிட்ட படியைச் சுவரில் மாட்டலாமே!