கயாக்கில் 4 கிலோமீட்டரிலேயே கை விட்டுப்போகிறது, என்ன தப்பு செய்கிறேன்?

கண்மாய்க்கரை:
தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில், மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் மாதங்களில், காலையில் கயாக் (உட்கார்ந்தபடி, இரு முனையிலும் இலை உள்ள துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) ஓட்டுகிறேன். வயது 41. தொண்டிக் கடற்கரையை ஒட்டி ஒரு நாள் 15 கிலோமீட்டர் போய்ப் பார்க்க ஆசை. ஆனால் நாலு கிலோமீட்டர் தாண்டினால் முன்கை கல்லாகி விடுகிறது, கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வேறு. இன்னும் பலம் ஏற்ற வேண்டுமா?

உப்புக்காற்று:
பலம் இல்லை அண்ணே, பிடிதான் தப்பு. துடுப்பை இறுக்கிப் பிடிக்கிறீர்கள், கொப்புளமே சொல்கிறது. இழுக்கும் கை கொக்கி மாதிரி மாட்டியிருந்தால் போதும், தள்ளும் கையின் விரல்கள் தளர்ந்தே இருக்கலாம். அப்புறம், கிணற்றில் நீர் இறைப்பவர் கையால் மட்டுமா இழுக்கிறார்? உடம்பே திரும்புகிறது அல்லவா, இங்கேயும் அதே கதைதான். வலப்பக்கம் போடும்போது வலது தோள் முன்னே வரட்டும், பாதத்துக்குப் பக்கத்தில் துடுப்பின் இலை, அதாவது தட்டையான முனை, முழுக்க முங்கட்டும், வலது காலை ஊன்றி உடம்பைத் திருப்புங்கள், இடுப்புக்கு நேரே வந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னாலும் இழுத்தால் தண்ணீரைத் தூக்குகிறீர்கள், படகும் ஒரு பக்கம் திரும்பும். சட்டைப் பொத்தான் வரிசையைக் குனிந்து பாருங்கள், அது இடமும் வலமும் திரும்பாமல் நேராகவே நின்றால் கைதான் வேலை செய்கிறது.

வாடைக்காரி:
மேலே சொன்னது சரி. ஆனால் துடுப்பை உயரமாகத் தூக்கிப் போடுவது வேகத்துக்கு, தூரத்துக்கு இல்லை. தள்ளும் கை தோளுக்குக் கீழேயே இருக்கட்டும். காற்றையும் கணக்கில் வையுங்கள்: போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று வழியை வைத்துக்கொண்டால் பிழைத்தீர்கள். நான் ஒருமுறை தலைகீழாகச் செய்துவிட்டு, திரும்பும் வழியில் கரையிலிருந்த ஒரே பனைமரத்தை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது கிட்டவே வரவில்லை. கடலில் உயிர்காப்புச் சட்டை இல்லாமல், தனியாக வேண்டவே வேண்டாம்.

கண்மாய்க்கரை:
இன்று காலை ஆறு கிலோமீட்டர்! கை பரவாயில்லை, ஆனால் விலாவும் இடுப்பும் வலிக்கின்றன. இது சரிதானா?

உப்புக்காற்று:
சரிதான், இப்போது கைக்குப் பதில் உடம்பு வேலை செய்கிறது. முழங்கால் முழுக்க நீட்டியிருந்தால் மட்டும் படகுக்குள் பாதம் ஊன்றும் கால்மிதியை ஒரு படி உங்கள் பக்கம் இழுத்து வையுங்கள், கொஞ்சம் மடங்கியிருந்தால்தான் ஊன்ற முடியும்.