பணத்தை எடுக்க முதலில் 20 சதவீதம் வரி கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி:
நண்பர்களே, அவசரமாக ஒரு ஆலோசனை வேண்டும். நாலு மாதம் முன்பு தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, ஆள் மாறி அனுப்பிவிட்டேன் மன்னியுங்கள் என்று ஒரு பெண் பேச ஆரம்பித்தார். தினமும் பேசுவோம். ஆறு வாரம் வரை பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அப்புறம்தான் தன் மாமா கிரிப்டோவில் கெட்டிக்காரர் என்று ஒரு செயலியைக் காட்டினார். முதலில் கொஞ்சம் போட்டேன், லாபத்தோடு கைக்கே வந்தது, அதனால்தான் நம்பினேன். பிறகு சேமிப்பு முழுவதையும் ஒரு எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) யுஎஸ்டிடியாக (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ நாணயம்) மாற்றி, அவர்கள் கொடுத்த கிரிப்டோ வாலட் முகவரிக்கு அனுப்பினேன். இப்போது மூன்று மடங்காகக் காட்டுகிறது, எடுக்கப் போனால் வரியைத் தனியாக அனுப்பச் சொல்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டிவிடலாமா? வீட்டில் யாருக்கும் தெரியாது.

பதில் 1:
கட்டாதீர்கள், தயவுசெய்து. உண்மையிலேயே உங்கள் பணம் அங்கே இருந்தால் அதிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைத் தரலாமே, எதற்காக வெளியிலிருந்து புதுப் பணம்? என் அண்ணன் இதே வரியைக் கட்டினார், அடுத்து சரிபார்ப்புக் கட்டணம் என்றார்கள், அதையும் கட்டினார், அப்புறம் கணக்கு முடங்கிவிட்டது, திறக்க வைப்புத்தொகை வேண்டும் என்றார்கள். திரையில் தெரியும் தொகை அவர்களே தட்டி வைத்த எண். முதலில் திரும்பி வந்த சிறு தொகையும் உங்களை நம்ப வைப்பதற்காகக் கொடுத்ததுதான்.

பதில் 2:
பிளாக்செயினில், அதாவது கிரிப்டோ பரிவர்த்தனைகள் பதிவாகும் பொதுப் பேரேட்டில், போன பணத்தை அனுப்பியவர் திரும்ப இழுக்க முடியாது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியை முடக்க முடியும், காவல் துறை கேட்டு முடக்கியும் இருக்கிறார்கள். பணம் அங்கிருந்து நகர்வதற்குள் புகார் போக வேண்டும், அதனால் இன்றே செய்யுங்கள். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு முறைக்கும் பரிவர்த்தனை எண், பெற்ற முகவரி, தேதி, தொகை, இவற்றோடு முழு உரையாடலையும் எடுத்து வையுங்கள். முகவரி T என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் டிரான் என்ற பிளாக்செயின் வலைப்பின்னல், அதன் பரிவர்த்தனைகளைக் காட்டும் டிரான்ஸ்கேன் தளத்தில் போட்டால் பணம் எங்கெங்கே போனது என்று நீங்களே பார்க்கலாம். அது கடைசியில் ஏதாவது பெரிய எக்ஸ்சேஞ்சில் போய் நின்றால், அங்கே கணக்கு வைத்திருப்பவரின் அடையாள ஆவணத்தைக் காவல் துறை கேட்டு வாங்க முடியும். நீங்கள் வாங்கிய எக்ஸ்சேஞ்சுக்கும் உடனே எழுதுங்கள்.

பதில் 3:
இன்னொன்று. இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறேன் என்று இனி தனிச்செய்தியில் ஆட்கள் வருவார்கள், ஹேக்கர் என்பார்கள், வக்கீல் என்பார்கள். முன்பணம் கேட்டாலோ, வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கேட்டாலோ அதுவும் மோசடிதான்.

வீட்டில் சொல்லுங்கள். இந்த வகை மோசடியைப் பன்றியைக் கொழுக்க வைத்து வெட்டுவது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பெயர் ஏமாந்தவர்களை அவமானப்படுத்தி வாய்திறக்க விடாமல் செய்கிறது, அதைக் கைவிடுங்கள் என்று 2024 டிசம்பரில் இன்டர்போலே கேட்டுக்கொண்டது. உங்களோடு பேசியது ஒரே ஆளாகவும் இருக்காது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிப்பட்ட இணைய மோசடி வேலையில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது. அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கு எதிரே நீங்கள் தனியாக நின்றிருக்கிறீர்கள்.

கேட்டவர்:
கட்டவில்லை. நேற்று இரவு மனைவியிடம் சொல்லிவிட்டேன், ரொம்ப நேரம் அழுதார், காலையில் அவரே கூட வந்து புகார் கொடுத்தார். அந்தப் பெண் இன்னும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். பிளாக் செய்துவிடட்டுமா?

பதில் 2:
முதலில் எல்லாவற்றையும் நகல் எடுங்கள், புகார் கொடுத்ததை அவரிடம் சொல்லாதீர்கள். புகாரை வாங்கிய அதிகாரியிடம் கேட்டுவிட்டுப் பிளாக் செய்யுங்கள்.