எச்.ஐ.வி.யுடன் வாழும் அண்ணனுக்கு நீங்காத வயிற்றுப்போக்கு: உணவாலும் துணைச்சத்துகளாலும் கட்டுப்படுத்த முடியுமா?

கேள்வி

என் அண்ணன் பல ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து உட்கொண்டு வருகிறார். முதலில் எடுத்த மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்படாமல் போனதால், லோபினாவிர்–ரிட்டோனாவிர் மாத்திரையும் டொலுடெக்ராவிரும் அடங்கிய கூட்டுக்கு அண்மையில் மாற்றினார்கள். அதன் பிறகு நாளொன்றுக்கு ஐந்தாறு முறை தண்ணீராகப் போகிறது. ஒரு மாதத்துக்கு மேலாகியும் நிற்கவில்லை. காய்ச்சலோ இரத்தப்போக்கோ இல்லை, ஆனால் எடை குறைகிறது. உடல் தேறட்டும் என்று தாதுச்சத்து மாத்திரை ஒன்றும், சர்க்கரை சேர்க்காத புரதப்பொடி ஒன்றும் கொடுத்து வருகிறேன். குளுட்டமின் என்ற அமினோ அமிலம், புரோபயாடிக் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள், கால்சியம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். எதைக் கொடுக்கலாம், உணவில் எதைக் குறைக்க வேண்டும்? மருந்தையே சில நாள் நிறுத்திப் பார்க்கட்டுமா என்று அண்ணன் கேட்கத் தொடங்கியிருப்பதுதான் எனக்குப் பெரிய அச்சமாக இருக்கிறது.

மறுமொழி – செவிலியர்

மருந்தை அவராக நிறுத்தவே கூடாது. ஏற்கெனவே ஒரு கூட்டு பயனற்றுப் போனவருக்கு இடையில் விட்டுவிட்டு எடுப்பது கிருமியிடம் மருந்து எதிர்ப்பை வளர்த்துவிடும். அதன் பிறகு தேர்ந்தெடுக்க மிஞ்சும் மருந்துகள் குறைவு. தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், அதற்கு வழி உண்டு.

நான்கு வாரங்களைக் கடந்த வயிற்றுப்போக்கை நாள்பட்டது என்கிறோம். காரணத்தைக் கண்டறியாமல் உணவை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் காலம்தான் வீணாகும். புதிய மருந்து தொடங்கிய பின் வந்ததால் மருந்தின் மீது ஐயம் எழுவது இயல்பே. லோபினாவிர்–ரிட்டோனாவிர் இந்தத் தொல்லைக்குப் பெயர்பெற்றதும்கூட. ஆயினும், முந்தைய மருந்து பயனளிக்காத காலத்தில் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சி.டி.4 வெள்ளணுக்களின் எண்ணிக்கை இறங்கியிருந்தால் தொற்றும் நுழைந்திருக்கலாம். கிரிப்டோஸ்போரிடியம், சிஸ்டோஐசோஸ்போரா, மைக்ரோஸ்போரிடியா ஆகிய குடல் ஒட்டுண்ணிகள் வழக்கமான மலப் பரிசோதனையில் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. சிறப்புச் சாயமிட்டுப் பார்க்குமாறு மருத்துவர் எழுதித் தர வேண்டும், தயங்காமல் கேளுங்கள். அண்மையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்நிலையில் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவையும் தேட வேண்டியிருக்கும்.

காய்ச்சல், இரத்தம், கடும் வயிற்றுவலி, தலைசுற்றல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி – மற்றொரு பராமரிப்பாளர்

நெல்ஃபினாவிர் என்னும் பழைய எச்.ஐ.வி. மருந்து புழக்கத்தில் இருந்தபோது என் உறவினர் ஒருவருக்கு இதே தொல்லை இருந்தது. மருத்துவர் கால்சியம் கார்பனேட் மாத்திரை கொடுத்தார், மலம் கெட்டிப்பட்டது. உங்கள் அண்ணனுக்கும் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி – மருந்தாளுநர்

கால்சியம் கார்பனேட் அப்படிப் பயன்பட்டது உண்மைதான். ஆனால் இவர் டொலுடெக்ராவிர் எடுக்கிறார் என்பதால் நேரம் மிக முக்கியம். கால்சியம், இரும்பு, மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் போன்ற உலோகங்கள் குடலிலேயே டொலுடெக்ராவிருடன் பிணைந்து, அது இரத்தத்தில் சேராதபடி தடுத்துவிடும். ஆகவே அவற்றை எடுப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, எடுத்து 6 மணி நேரம் கழித்தோதான் டொலுடெக்ராவிரை விழுங்க வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் மட்டும் ஒரு விலக்கு உண்டு: உணவோடு சேர்த்து எடுப்பதானால் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்கலாம்.

நீங்கள் கொடுக்கும் மாத்திரையிலும் புரதப்பொடியிலும் என்னென்ன உள்ளன என்று அட்டையைப் படித்து எழுத முடியுமா? மூலிகை மாத்திரை எதுவும் கொடுக்கிறீர்களா? செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்னும் மூலிகை இவருடைய மருந்துகளின் இரத்த அளவை இறக்கிவிடும் என்பதால் அதை அறவே தொடக்கூடாது.

கேட்டவர்

மூலிகை எதுவும் இல்லை. தாதுச்சத்து மாத்திரையில் மக்னீசியம் ஆக்சைடும் துத்தநாகமும் உள்ளன. காலை ஒன்று, இரவு ஒன்று கொடுக்கிறேன். இரவு மாத்திரையை டொலுடெக்ராவிருடன் சேர்த்தே விழுங்குகிறார். புரதப்பொடியில் இனிப்புக்காகச் சார்பிட்டால் சேர்த்திருப்பதாக அச்சிட்டிருக்கிறது.

மறுமொழி – மருந்தாளுநர்

இரண்டுமே வயிற்றுப்போக்கைத் தூண்டக்கூடியவை. மக்னீசியம் ஆக்சைடு மலச்சிக்கலுக்கு மருந்தாகவே தரப்படுகிறது. துணைச்சத்தாக எடுக்கும் மக்னீசியத்துக்கு நாளொன்றுக்கு 350 மில்லிகிராம் என்னும் உச்ச வரம்பை வகுத்ததே வயிற்றுப்போக்கைக் கருதித்தான். சார்பிட்டால் குடலில் முழுமையாக உறிஞ்சப்படாமல் தங்கி நீரை இழுத்துக்கொள்ளும். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். அதைவிட முக்கியமாக, தாதுச்சத்து மாத்திரையும் டொலுடெக்ராவிரும் ஒரே வேளையில் விழுங்கப்பட்டதை மருத்துவரிடம் அவசியம் தெரிவியுங்கள். இரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்க அவர் விரும்பக்கூடும்.

வயிற்றுப்போக்கை நிறுத்த லோபெரமைடு வாங்கும் எண்ணம் இருந்தால், அதையும் கேட்டுவிட்டே கொடுங்கள். ரிட்டோனாவிர் இரத்தத்தில் லோபெரமைடின் அளவை உயர்த்தும். அளவு மிகுந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும்.

மறுமொழி – உணவியலாளர்

முதலில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யுங்கள். பொட்டலமாகக் கிடைக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசலே சிறந்தது. அது கிடைக்காத வேளையில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொடுக்கலாம். குடிநீரைக் கொதிக்க வைப்பதை எப்போதும் கடைப்பிடியுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு அழியாது, கொதிநீரில் அழிந்துவிடும்.

நார்ச்சத்தை முழுவதும் விலக்க வேண்டியதில்லை. கரையும் நார், கரையா நார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஓட்ஸ், வாழைப்பழம், தோல் நீக்கிய ஆப்பிள், வெந்த கேரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றிலும் இசப்கோல் உமியிலும் உள்ள கரையும் நார் குடலில் நீரை ஏற்றுக் கூழாகி மலத்துக்கு உருவம் தரும். தவிடு, கொட்டை வகைகள், பச்சைக் காய்கறி, பழத்தோல் ஆகியவற்றில் மிகுந்துள்ள கரையா நாரைத்தான் இப்போதைக்குக் குறைக்க வேண்டும். இசப்கோலைச் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள், எச்.ஐ.வி. மாத்திரைகளுடன் சேர்த்துக் கொடுக்காமல் இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். குடலின் உட்சுவர் நலிந்திருக்கும்போது பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோசைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். காப்பி, பொரித்த உணவு, செறிந்த பழச்சாறு ஆகியவற்றை விலக்குங்கள். ஆனால் பயந்து பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். எடை குறையும் ஒருவருக்குப் பட்டினி நோயைவிடக் கொடியது. முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, குழைய வெந்த பருப்பு என்று புரதத்தைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள்.

குளுட்டமின் நெல்ஃபினாவிரால் வந்த வயிற்றுப்போக்கில் நாளொன்றுக்கு 30 கிராம் வரை கொடுத்து ஆராயப்பட்டது. அந்த அளவைச் சிறுநீரகம், கல்லீரல் நிலை அறியாமல் வீட்டில் தொடங்கக் கூடாது. புரோபயாடிக்கில் எனக்குத் தயக்கம் மிகுதி. எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களிடம் சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்னும் ஈஸ்ட் இரத்தத்தில் கலந்து தொற்றான நிகழ்வுகள் உண்டு. சி.டி.4 எண்ணிக்கை தெரியும் வரை அதை வாங்க வேண்டாம்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சிறப்புச் சாயமிட்ட மலப் பரிசோதனையில் ஒட்டுண்ணி எதுவும் இல்லை என்று வந்துவிட்டது. வைரஸ் அளவையும் பார்த்தார்கள். நல்வாய்ப்பாகக் கட்டுக்குள்தான் இருக்கிறது. தாதுச்சத்து மாத்திரையையும் பொடியையும் நிறுத்தி, ஓட்ஸும் இசப்கோலும் தொடங்கிய பின் ஐந்தாறு முறை என்பது இரண்டு மூன்றாகக் குறைந்திருக்கிறது. எஞ்சியிருப்பது லோபினாவிரால் வருவது என்று மருத்துவர் கருதுகிறார். இதற்கென்றே தனி மருந்து ஏதேனும் உண்டா?

மறுமொழி – மருந்தாளுநர்

உண்டு. குரோஃபெலமர் என்பது ஒரு மரத்தின் செந்நிறப் பாலிலிருந்து எடுக்கப்படுவது. எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்குத் தொற்றால் அல்லாமல் வரும் வயிற்றுப்போக்குக்காக அமெரிக்க உணவு–மருந்து நிர்வாகம் 2012ஆம் ஆண்டு இறுதியில் அதற்கு ஒப்புதல் அளித்தது; 125 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு இருமுறை. குடலின் அசைவைக் குறைக்காமல், குளோரைடும் அதனுடன் நீரும் குடலுக்குள் சுரப்பதைக் கட்டுப்படுத்துகிறது. எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. தொற்று இல்லை என்று உறுதியான பிறகே தர வேண்டிய மருந்து என்பதால், உங்கள் பரிசோதனை முடிவு இங்கு உதவும். அதே வேளையில், லோபினாவிருக்கு மாற்றாக டாருனாவிர் பொருந்துமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். முந்தைய மருந்து எதிர்ப்புப் பரிசோதனையின் முடிவைக் கையோடு கொண்டு போனால் அவர் அன்றே முடிவெடுக்க எளிதாக இருக்கும்.